முதல் மருத்துவ ஆய்வுக் கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பும் முன்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதுகலை மருத்துவப் படிப்பில் தீசிஸ் எழுதி முடித்தவர்களும், பல் மருத்துவம், செவிலியம், உயிர்வேதியியல் போன்ற துறைகளில் முதன்முறையாக ஓர் ஆய்வை நடத்தியவர்களும் அடுத்து எதிர்கொள்ளும் வேலை, அந்த ஆய்வை ஓர் ஆய்விதழ் ஏற்கும் கட்டுரையாக ஆக்குவது. மதிப்பாய்வாளரிடம் போகாமல் இதழாசிரியரின் மேசையிலிருந்தே ஒரு கட்டுரை திரும்பி வருவதற்கு ஆய்வின் தரம் மட்டுமே காரணமாக இருப்பதில்லை. சுருக்கத்தில் ஓர் எண்ணும் அட்டவணையில் வேறோர் எண்ணும் இருப்பது, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண் விடுபட்டிருப்பது, இதழ் வெளியிடாத வகைக் கட்டுரையை அனுப்பியிருப்பது போன்றவையே பல நல்ல ஆய்வுகளை வாசலில் நிறுத்திவிடுகின்றன. நோயாளிகள் தங்கள் இரத்தத்தையும் நேரத்தையும் நம்பிக்கையோடு கொடுத்து நடந்த ஓர் ஆய்வு இப்படி முடங்கக் கூடாது என்பதற்காகவே, எதை எப்போது செய்ய வேண்டும் என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

விளக்கத்துக்கு ஒரு கற்பனை ஆய்வை எடுத்துக்கொள்வோம். ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கர்ப்பகாலப் புறநோயாளிகள் பிரிவுக்கு வரும் பெண்களில் எத்தனை பேருக்கு இரத்தசோகை இருக்கிறது என்று கண்டறியும் குறுக்குவெட்டு ஆய்வு, அதாவது ஒவ்வொருவரையும் ஒருமுறை மட்டும் பார்த்துக் கணக்கெடுக்கும் ஆய்வு அது.

எழுதத் தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டியவை

சில குறைகளை எழுத்தில் சரிசெய்யவே முடியாது. அவற்றுள் முதலாவது நெறிமுறைக் குழுவின் ஒப்புதல். முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முந்தைய தேதியில் அந்த ஒப்புதல் கிடைத்திருக்க வேண்டும்; ஆய்வு முடிந்த பிறகு முன்தேதியிட்டு வாங்க நினைப்பது முறைகேடு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்கள் இந்தியாவில் மனிதர்களிடம் நடத்தப்படும் எல்லா உயிர்மருத்துவ ஆய்வுகளுக்கும் அடிப்படையாக உள்ளன. பழைய மருத்துவப் பதிவேடுகளை மட்டும் பார்த்துச் செய்யும் ஆய்வுக்கு ஒப்புதல் வேண்டாம் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படிப்பட்ட ஆய்வுக்கு நோயாளியின் தனிச் சம்மதத்திலிருந்து விலக்கு கிடைக்கலாம். ஆனால் அந்த விலக்கைத் தர வேண்டியதும் குழுவே.

இரண்டாவது, பதிவு. சர்வதேச மருத்துவ இதழாசிரியர்கள் குழு, 2005 ஜூலை முதல், பொதுப் பதிவேடு ஒன்றில் முன்கூட்டிப் பதியப்படாத மருத்துவப் பரிசோதனைகளைத் தம் இதழ்களில் ஏற்பதில்லை என்று முடிவெடுத்தது. இந்தியாவின் பதிவேடான சிடிஆர்ஐ 2007 ஜூலையில் தொடங்கியது. 2009 ஜூனிலிருந்து பரிசோதனைகளை அதில் பதிவது கட்டாயமானது. ஒரு மருந்தையோ சிகிச்சை முறையையோ நோயாளிகளுக்கு ஒதுக்கிக் கொடுத்து விளைவைப் பார்க்கும் எந்த ஆய்வுக்கும், முதல் நோயாளியைச் சேர்க்கும் நாளுக்கு முன் இந்தப் பதிவு எண் கையில் இருக்க வேண்டும். நம் இரத்தசோகை ஆய்வு வெறும் கணக்கெடுப்பு என்பதால் இதழ்கள் இதைப் பொதுவாகக் கேட்பதில்லை. அதே பெண்களை இரு குழுக்களாகப் பிரித்து இரண்டு வகை இரும்புச்சத்து மாத்திரைகளை ஒப்பிட்டிருந்தால் கட்டாயம் கேட்பார்கள்.

மூன்றாவது, கட்டுரையாளர்கள் யார் என்பது. இது எழுத்து வேலை முடிந்தபின் பேச வேண்டிய விஷயம் என்று தள்ளிப்போடுவதால்தான் துறைகளுக்குள் மனக்கசப்பு வளர்கிறது. மேற்சொன்ன இதழாசிரியர்கள் குழு நான்கு நிபந்தனைகளை வைத்திருக்கிறது: ஆய்வைத் திட்டமிடுவதிலோ தரவைத் திரட்டுவதிலோ பகுத்தாய்வதிலோ குறிப்பிடத்தக்க பங்கு, கட்டுரையை எழுதுவதில் அல்லது அதன் உள்ளடக்கத்தை நுணுகித் திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், கட்டுரையின் எந்தப் பகுதி குறித்துக் கேள்வி எழுந்தாலும் பொறுப்பேற்கும் உடன்பாடு. நான்கும் ஒருசேரப் பொருந்த வேண்டும். துறைத்தலைவர் என்ற பதவிக்காக மட்டும் ஒருவர் பெயரைச் சேர்ப்பதும், இரவு பகலாகத் தரவு திரட்டி எழுதவும் செய்த இளநிலை மாணவரின் பெயரை விடுவதும் ஒரே அளவு தவறு. உதவி மட்டும் செய்தவர்களுக்கு நன்றியுரையில் இடம் உண்டு. ஆய்வுத் திட்டத்தை எழுதும்போதே பெயர்களின் வரிசையை ஒரு தாளில் குறித்து, எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்பி வைத்துவிடுவது நல்லது. பணிவாகவும் வெளிப்படையாகவும் முன்னரே கேட்கப்பட்ட கேள்வியை எந்தப் பேராசிரியரும் அவமரியாதையாக எடுத்துக்கொள்வதில்லை என்பது என் எண்ணம்.

இதழைத் தேர்ந்தெடுப்பது

கட்டுரையை முழுதாக எழுதிவிட்டு இதழைத் தேடுவதைவிட, இரண்டு மூன்று இதழ்களை மனதில் வைத்துக்கொண்டு எழுதுவது உழைப்பைக் குறைக்கும். உங்கள் தலைப்பில் கடந்த சில ஆண்டுகளில் வந்த கட்டுரைகளில் எவற்றை நீங்கள் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறீர்களோ அவை வெளியான இதழ்களே முதல் வேட்பாளர்கள். அவ்விதழின் இணையதளத்தில் கட்டுரையாளர்களுக்கான வழிமுறைகளை அச்சிட்டு வைத்துக்கொண்டு, சொல் வரம்பு, சுருக்கத்தின் அமைப்பு, அட்டவணைகளின் எண்ணிக்கை, மேற்கோள் நடை, கட்டணம் ஆகியவற்றை அடிக்கோடிடுங்கள். சில இதழ்கள் தனிநோயாளி அறிக்கைகளை ஏற்பதே இல்லை என்பது அந்தப் பக்கத்தில்தான் தெரியும்.

போலி இதழ்களைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. ‘மதிப்பிற்குரிய மருத்துவரே’ என்று புகழ்ந்து, ஒரு வாரத்தில் வெளியிடுவதாக உறுதிகூறி வரும் மின்னஞ்சல் அழைப்புகளுக்குப் பதில் அனுப்ப வேண்டாம். முறையான சக மதிப்பாய்வு ஒரு வாரத்தில் முடிவது அரிது. மருத்துவக் கட்டுரைகளின் தரவுத்தளமான மெட்லைனில் இதழ் இடம்பெற்றிருக்கிறதா என்பதை அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் பட்டியலிலும், யாரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ் என்றால் அத்தகைய இதழ்களின் அடைவான டிஓஏஜே பட்டியலிலும் நீங்களே தேடிப் பாருங்கள். இதழின் முகப்பில் ஒட்டியிருக்கும் முத்திரைகளை நம்ப வேண்டாம். ஆசிரியர் குழுவில் உள்ள ஒருவரின் பல்கலைக்கழகப் பக்கத்துக்குச் சென்று, அவர் அந்த இதழைத் தம் பொறுப்புகளில் குறிப்பிடுகிறாரா என்று பார்ப்பதும் பயன் தரும். போலி இதழில் ஒருமுறை வெளியானதை வேறு நல்ல இதழில் மீண்டும் வெளியிட முடியாது என்பதால், இழப்பு பணத்தோடு நிற்பதில்லை.

தீசிஸை வெட்டுவதல்ல வேலை

தீசிஸ் தேர்வாளருக்காக எழுதப்படுவது. எழுதியவர் எவ்வளவு படித்திருக்கிறார் என்பதை அது காட்ட வேண்டும். ஆய்விதழ்க் கட்டுரையின் வாசகருக்கு வேண்டியது ஒரு கேள்வியும் அதற்கான விடையும் அந்த விடையை நம்பலாமா என்று முடிவெடுக்கப் போதிய விவரமும் மட்டுமே. ஆகவே நாற்பது பக்க இலக்கிய மீளாய்வைச் சுருக்கி முன்னுரை ஆக்க முயலாதீர்கள். தீசிஸை மூடி வைத்துவிட்டு, ஆய்வின் கேள்வியை ஒரே வாக்கியத்தில் ஒரு தாளில் எழுதுங்கள். அந்த வாக்கியத்துக்கு விடை சொல்லாத தரவு எதுவும் கட்டுரைக்குள் வர வேண்டியதில்லை.

பிறகு எழுத உட்காரும் வரிசை, அச்சில் வரும் வரிசை அல்ல. முதலில் அட்டவணைகளையும் படங்களையும் தயாரித்து, அடுத்து ஆய்வு முறைகள், முடிவுகள், அதன்பின் விவாதம், முன்னுரை, கடைசியாகச் சுருக்கமும் தலைப்பும் என்று போனால், எண்கள் உறுதியான பிறகே வாக்கியங்கள் பிறக்கும்.

தொடங்கும்போதே ஆய்வின் வகைக்குரிய சரிபார்ப்புப் பட்டியலை, இத்தகைய பட்டியல்களைத் திரட்டித் தரும் ஈக்வேட்டர் வலையமைப்பின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். சமவாய்ப்பு முறையில் குழுக்களாகப் பிரித்து நடத்தும் பரிசோதனைகளுக்குக் கன்சார்ட் பட்டியல். 1996இல் முதலில் வந்த அது 2025இல் 30 அம்சங்களுடன் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. சிகிச்சை எதையும் ஒதுக்காமல் நிகழ்வதை மட்டும் பதிவுசெய்யும் கவனிப்பு ஆய்வுகளுக்கு 22 அம்சங்கள் கொண்ட ஸ்ட்ரோப். முந்தைய ஆய்வுகளைத் திட்டமிட்ட முறையில் தேடித் தொகுக்கும் முறைசார் மீளாய்வுகளுக்கு 27 அம்சங்கள் கொண்ட பிரிஸ்மா 2020. தனிநோயாளி அறிக்கைகளுக்குக் கேர். நம் இரத்தசோகை ஆய்வுக்கு ஸ்ட்ரோப் பொருந்தும். பலர் இதைக் கடைசி நாளில் பக்க எண்களை நிரப்பும் படிவமாக மட்டும் பார்க்கிறார்கள். எழுதும்போதே பக்கத்தில் திறந்து வைத்திருந்தால், மதிப்பாய்வாளர் கேட்கப்போகும் கேள்விகளில் பெரும்பாலானவை முன்கூட்டியே உங்கள் முன் இருக்கும்.

ஆய்வு முறைகள்

கட்டுரையின் உயிர் இந்தப் பகுதிதான் என்று நான் கருதுகிறேன். வேறோர் ஊரில் இருக்கும் ஒருவர் இதை மட்டும் படித்து அதே ஆய்வை மறுபடியும் செய்ய முடிய வேண்டும். ‘இரத்தசோகை உள்ள பெண்கள்’ என்று எழுதினால் போதாது. உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி கர்ப்பத்தின் முதல், மூன்றாம் மும்மாதங்களில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11 கிராமுக்கும் குறைவாகவும், இரண்டாம் மும்மாதத்தில் 10.5 கிராமுக்கும் குறைவாகவும் இருப்பதே இரத்தசோகை. கர்ப்பகாலம் முழுமைக்கும் 11 என்ற எல்லையை வைத்து எழுதப்பட்ட கட்டுரைகள் இன்றும் ஏராளம். இரண்டில் எதைப் பயன்படுத்தினீர்கள் என்று சொல்லாவிட்டால், உங்கள் விழுக்காட்டை வேறு எந்த ஆய்வின் விழுக்காட்டோடும் ஒப்பிட முடியாது. இரத்தம் நரம்பிலிருந்து எடுக்கப்பட்டதா, விரல் நுனியில் குத்தி எடுக்கப்பட்டதா, எந்த வகைக் கருவியில் அளக்கப்பட்டது, கருவியின் தரக்கட்டுப்பாடு எப்படிச் செய்யப்பட்டது என்பவற்றையும் எழுத வேண்டும். விரல் நுனி இரத்தத்தில் கிடைக்கும் அளவு நரம்பு இரத்தத்தின் அளவிலிருந்து வேறுபடக்கூடும் என்பதால் இது சிறு விவரம் அல்ல.

மாதிரி அளவு எப்படிக் கணக்கிடப்பட்டது, எந்த முந்தைய ஆய்வின் விழுக்காட்டை அதற்கு எடுத்துக்கொண்டீர்கள், எவ்வளவு துல்லியத்தை நாடினீர்கள் என்பவை ஒரே பத்தியில் அடங்கிவிடும். கிடைத்தவர்களை மட்டும் சேர்த்துவிட்டு, அதற்கேற்ற ஒரு கணக்கைப் பின்னால் பொருத்துவது வாசகரை ஏமாற்றுவதாகும். வசதிக்கேற்ப எடுத்த மாதிரி என்றால் அப்படியே சொல்லி, அதன் வரம்பை விவாதத்தில் ஏற்பதே நேர்மை. புள்ளியியல் பரிசோதனைகளின் பெயர்களை வரிசையாக அடுக்காமல், எந்தக் கேள்விக்கு எது என்று சேர்த்து எழுதுங்கள். சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் உருவாக்கி, முதுகலை மாணவர்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட இணையவழி ஆராய்ச்சிப் பாடத்தில் இவற்றுக்கான அடிப்படை கற்பிக்கப்படுகிறது. சான்றிதழ் வாங்கியவுடன் மறந்துவிடாமல், எழுதும் நாளில் அந்தக் குறிப்புகளை மீண்டும் எடுத்துப் பாருங்கள்.

எண்கள் ஒத்துப்போக வேண்டும்

நம் ஆய்வில் 432 பெண்களிடம் பேசி, 40 பேர் நிபந்தனைகளுக்குப் பொருந்தாமலோ சம்மதிக்காமலோ போய், 392 பேரைச் சேர்த்தோம் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 6 பேரின் இரத்த மாதிரி உறைந்துபோனதால் ஹீமோகுளோபின் முடிவு இல்லை. இரத்தசோகை உள்ளவர்கள் 196 பேர். சுருக்கத்தில் 392ஐ வகுஎண்ணாக வைத்து 50 விழுக்காடு என்றும், அட்டவணையில் 386ஐ வைத்து 50.8 விழுக்காடு என்றும் எழுதிவிட்டால், கவனமுள்ள மதிப்பாய்வாளர் அந்த இடத்திலேயே முழுக் கட்டுரையின் மீதும் ஐயம் கொள்வார். 432 எப்படி 386 ஆனது என்பதை ஒரு வரைபடத்தில் படிப்படியாகக் காட்டுங்கள். முடிவை ‘386 பேரில் 196 பேருக்கு, அதாவது 50.8 விழுக்காட்டினருக்கு (95% நம்பக இடைவெளி 45.8–55.8) இரத்தசோகை இருந்தது’ என்ற வடிவில் எழுதினால், வாசகர் எண்ணையும், உண்மை அளவு எந்த எல்லைகளுக்குள் இருக்கக்கூடும் என்று காட்டும் அந்த இடைவெளியால் அதன் உறுதியையும் ஒருங்கே பெறுகிறார்.

எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் சில நேரம் பி-மதிப்பை, அதாவது உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் இப்படியொரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பை, .000 என்று காட்டும். அது சுழியம் அல்ல. மூன்று தசம இடங்களுக்குச் சுருக்கப்பட்டதால் அப்படித் தெரிகிறது. கட்டுரையில் 0.001க்கும் குறைவு என்றே எழுத வேண்டும். மற்ற இடங்களில் 0.05க்குக் குறைவு, அதிகம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல் 0.03, 0.21 என்று உள்ளபடியே தாருங்கள். ஒருபக்கமாகச் சாய்ந்த பரவல் கொண்ட அளவுகளுக்குச் சராசரியும் திட்டவிலக்கமும் பொருந்தாது; இடைநிலை அளவையும் (மீடியன்) கால்மான இடைவெளியையும் (நடுப்பாதியின் வீச்சு) கொடுங்கள். இரத்தசோகையைப் போல மாதிரியில் பாதிப்பேரிடம் காணப்படும் ஒன்றுக்கு வாய்ப்பு விகிதத்தை (ஆட்ஸ் ரேஷியோ) கணக்கிட்டு, அதை ‘இத்தனை மடங்கு அபாயம்’ என்று விளக்குவது மிகைக்கூற்று ஆகிவிடும். பரவல் விகிதமே, அதாவது இரு குழுக்களில் நோயுள்ளோரின் விழுக்காடுகளுக்கு இடையிலான விகிதமே, அங்கு பொருத்தமானது.

அட்டவணையில் சொன்னதை வரிக்கு வரி உரைநடையில் மறுபடியும் சொல்ல வேண்டாம். ஒவ்வோர் அட்டவணையும் கட்டுரையைப் படிக்காதவருக்கும் தனித்து விளங்க வேண்டும். சுருக்கெழுத்துகளுக்கு அடிக்குறிப்பு வேண்டும். அட்டவணையைப் படமாக ஒட்டாமல் திருத்தக்கூடிய வடிவில் தர வேண்டும்.

விவாதம், முன்னுரை, சுருக்கம், தலைப்பு

விவாதத்தின் முதல் பத்தி, கேள்விக்கான விடையைச் சொல்லட்டும். பிறகு முந்தைய ஆய்வுகளோடு ஒப்பிடும்போது, ‘இன்னாருடைய ஆய்வில் இத்தனை விழுக்காடு’ என்று பட்டியல் போடாமல், வேறுபாடு ஏன் வந்திருக்கக்கூடும் என்பதை விளக்குங்கள். வரம்புகளை நேராகச் சொல்லுங்கள்: ஒரே மருத்துவமனையில் எடுத்த மாதிரி மாவட்டத்தின் எல்லாக் கர்ப்பிணிகளையும் குறிக்காது, குறுக்குவெட்டு ஆய்வு காரண காரியத்தை நிறுவாது. தேநீர் அருந்தும் பெண்களிடம் இரத்தசோகை அதிகம் காணப்பட்டது என்பதுவரை சொல்லலாம், தேநீரால் இரத்தசோகை வந்தது என்று சொல்ல முடியாது. முன்னுரைக்கு மூன்று பத்திகள் போதும்: என்ன தெரியும், என்ன தெரியவில்லை, இந்த ஆய்வு எதைக் கேட்கிறது.

தலைப்புக்கு நம் மண்ணிலிருந்தே ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தின் ஆய்வு 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியானபோது, தென்னிந்தியாவில் நுரையீரல் காசநோய்க்கு வீட்டில் இருந்தும் காசநோய் விடுதியில் தங்கியும் பெறும் சிகிச்சைகளை ஒரே காலத்தில் ஒப்பிடுதல் என்ற பொருளில் அதற்குத் தலைப்பு இடப்பட்டது. எந்த நோய், எந்த ஊர், எவற்றுக்கு இடையே ஒப்பீடு, எவ்வகை ஆய்வு என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. ஆர்ப்பாட்டம் ஒன்றும் இல்லை. உலகெங்கும் காசநோய் சிகிச்சை வீட்டுக்கு நகர வழிவகுத்த கட்டுரை அது. திறவுச்சொற்களை உங்கள் விருப்பப்படி அமைக்காமல், மருத்துவக் கட்டுரைகளைத் தேட உதவும் பப்மெட் தளம் பயன்படுத்தும் மெஷ் என்ற தரப்படுத்தப்பட்ட சொற்பட்டியலிலிருந்து எடுங்கள்.

நோயாளியின் அடையாளம்

படங்களில் கண்களின் மீது கறுப்புப் பட்டை ஒட்டினால் அடையாளம் மறைந்துவிடும் என்ற பழைய வழக்கம் இன்று ஏற்கப்படுவதில்லை. சர்வதேச மருத்துவ இதழாசிரியர்கள் குழு அது போதாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. வெளியீட்டுக்கான எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அது சிகிச்சைக்கான சம்மதத்திலிருந்து வேறானது. எக்ஸ்ரே, சிடி படங்களின் மூலையில் பெயர், வயது, மருத்துவமனை எண், தேதி அச்சாகியிருக்கும். வேர்ட் கோப்பில் படத்தின் விளிம்பை வெட்டி மறைத்தால், வெட்டிய பகுதி கோப்புக்குள்ளேயே இருந்துவிடுவதும் உண்டு. ஆகவே படத்தைத் தனி மென்பொருளில் வெட்டிச் சேமித்த பின்னரே செருகுங்கள். கோப்பின் பெயரிலும் நோயாளியின் பெயர் இருக்கக் கூடாது.

மேற்கோள்களும் எழுத்து ஒப்புமையும்

பெரும்பாலான மருத்துவ இதழ்கள் வான்கூவர் நடையைப் பின்பற்றுகின்றன. கனடாவின் வான்கூவர் நகரில் 1978இல் கூடிய இதழாசிரியர்கள் வகுத்ததால் வந்த பெயர். மேற்கோள்கள் கட்டுரையில் வரும் வரிசையிலேயே எண் பெறும். கையால் எண்ணிடாமல் இலவசமாகக் கிடைக்கும் ஸோட்டெரோ போன்ற மென்பொருளைப் பயன்படுத்துங்கள். திரும்பப் பெறப்பட்ட கட்டுரையை நீங்கள் மேற்கோள் காட்டினால் அது எச்சரிக்கவும் செய்யும். படிக்காத கட்டுரையை இன்னொருவரின் மேற்கோள் பட்டியலிலிருந்து எடுத்துப் போட வேண்டாம்.

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் தீசிஸ்கள் வைக்கப்படுவதால், ஒப்புமை பார்க்கும் மென்பொருள் உங்கள் சொந்தத் தீசிஸையே சுட்டிக்காட்டலாம். இது குற்றம் அல்ல. கட்டுரை தீசிஸிலிருந்து உருவானது என்று முகப்புக் கடிதத்திலும் தலைப்புப் பக்கத்திலும் சொல்லிவிடுங்கள். பிறருடைய வாக்கியங்களைச் சொல் மாற்றிப் போடுவது வேறு விஷயம், அதற்கு மன்னிப்பு இல்லை. மொழியைத் திருத்தச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தியிருந்தால், எதைப் பயன்படுத்தினீர்கள், எதற்கு என்று அறிவிக்க வேண்டும். அக்கருவியைக் கட்டுரையாளராகச் சேர்க்க முடியாது. அது தரும் மேற்கோள்களைப் பப்மெட்டில் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்காமல் ஏற்கவும் கூடாது.

அனுப்பும் நாளும் அதற்குப் பிறகும்

தலைப்புப் பக்கம், பெயர் நீக்கிய கட்டுரை, அட்டவணைகள், படங்கள், சரிபார்ப்புப் பட்டியல், முகப்புக் கடிதம், ஆய்வின் நடுநிலையைப் பாதிக்கக்கூடிய பண, தனிப்பட்ட தொடர்புகளைச் சொல்லும் நலமுரண் அறிவிப்புகள் ஆகியவற்றைத் தனித்தனிக் கோப்புகளாக வைத்துக்கொள்ளுங்கள். இருபுறமும் பெயர் மறைக்கப்பட்ட மதிப்பாய்வு என்றால், ஆய்வு முறைகளில் வரும் மருத்துவமனையின் பெயரையும் வேர்ட் கோப்பின் பண்புகளில் பதிந்திருக்கும் உங்கள் பெயரையும் நீக்க வேண்டும். இதழோடு கடிதப் போக்குவரத்து நடத்தும் தொடர்புக் கட்டுரையாளருக்கு, ஆய்வாளர்களின் தனி அடையாள எண்ணான ஆர்க்கிட் எண்ணை முன்னரே பெற்று வைத்திருங்கள். படிப்பு முடிந்ததும் கல்லூரி மின்னஞ்சல் முடங்கிவிடும் என்றால், நீண்டகாலம் நீடிக்கும் முகவரியைக் கொடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பக் கூடாது.

அனுப்புவதற்கு முந்தைய நாள், ஆய்வில் பங்கேற்காத நண்பர் ஒருவரிடம் சுருக்கத்தையும் அட்டவணைகளையும் மட்டும் கொடுத்து, எல்லா எண்களையும் பென்சிலால் ஒத்துப்பார்க்கச் சொல்லுங்கள். எழுதியவரின் கண்ணுக்குத் தப்பும் பிழை அவர் கண்ணில் உடனே படும்.

மதிப்பாய்வு வந்ததும் அன்றைக்கே பதில் எழுதாதீர்கள். ஒவ்வொரு கருத்தையும் அப்படியே எடுத்தெழுதி, அதன் கீழே உங்கள் விடையையும் கட்டுரையில் மாற்றிய வரியின் எண்ணையும் தாருங்கள். உடன்படாத இடத்தில் காரணத்தை ஆதாரத்தோடு மரியாதையாகச் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் தலையாட்டி ஆய்வைச் சிதைக்க வேண்டியதில்லை. நிராகரிப்பு வந்தால், கூடவே வந்த கருத்துகளில் நியாயமானவற்றை முதலில் திருத்திவிட்டு அடுத்த இதழுக்குப் போங்கள், ஏனெனில் அதே மதிப்பாய்வாளரிடமே கட்டுரை மீண்டும் போய்ச் சேரக்கூடும். அடுத்த இதழின் வழிமுறைகளின்படி சொல் வரம்பு, சுருக்கத்தின் அமைப்பு, மேற்கோள் நடை ஆகியவற்றை மாற்றிய பிறகு, முகப்புக் கடிதத்தில் முந்தைய இதழின் பெயர் அப்படியே நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.